இல்லமும் கணக்கும்: கடைசி அலகின் விலை

மின்சாரச் சிட்டை வந்ததும் நம்மிற் பலர் பார்ப்பது அதன் அடியில் உள்ள தொகையை மட்டுமே. சென்ற மாதத்தினும் குறைந்திருந்தால் ஓர் ஆறுதல். கூடியிருந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் அதட்டல். அத்துடன் சிட்டை மறக்கப்படும். தொகைக்கு மேலே உள்ள வரிகளைப் பொறுமையுடன் வாசிப்பவர் மிகச் சிலர். ஆயினும், கூரையிற் சூரிய மின்தகடு பூட்டலாமா, வேண்டாமா என்று இன்று பல இல்லங்களிலே எழும் வினாவுக்கு விடை, விற்பவர் கொண்டுவரும் வண்ணத் தாளில் இல்லை. நாம் வாசியாமல் விடும் அந்த வரிகளிலேதான் இருக்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இவ்வினாவை நம்மிடம் கேட்டிருக்கின்றார். கையிலே பணிக்கொடைப் பணம் இருக்கின்றது. மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டிற் படிக்கின்றாள். அயல் வீட்டார் சோலார் பூட்டிய பின் மின் கட்டணமே இல்லை என்கின்றனர். "அந்தப் பணத்தைக் கூரையிற் போடுவதா, மகளின் படிப்புக்கென வைத்திருப்பதா?" என்பது அவர் கேள்வி. அயலார் சொல்வது பொய்யன்று. ஆயின் அயல் வீட்டுக் கணக்கு நம் வீட்டுக் கணக்கு ஆகுமா என்பதே ஆராயத்தக்கது.

ஒரே மின்சாரம், ஏழு விலை

அரிசிக் கடையிலே பத்துக் கிலோ வாங்குபவர்க்கும் நூறு கிலோ வாங்குபவர்க்கும் விலை பெரிதும் வேறுபடுவதில்லை. வேறுபட்டாலும் அதிகம் வாங்குபவர்க்குக் குறைத்தே கொடுப்பர். மின்சாரத்தின் முறை இதற்கு நேர்மாறானது. கூட எடுக்குந்தோறும் ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும்.

2025 யூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். மாதம் 60 அலகுக்கு மேற்படாத வீட்டுக்கு முதல் 30 அலகு ஒவ்வொன்றும் ரூபா 4.50, அடுத்த 30 அலகு ஒவ்வொன்றும் ரூபா 8. அறுபதைக் கடந்த வீட்டுக்கோ அட்டவணையே மாறிவிடும். முதல் 60 அலகும் ரூபா 12.75 வீதம், 61 முதல் 90 வரை ரூபா 18.50, 91 முதல் 120 வரை ரூபா 24, 121 முதல் 180 வரை ரூபா 41, அதற்கு மேலே ரூபா 61. இவற்றோடு நிலைக்கட்டணமும் படிப்படியாக உயரும். 60 அலகு எடுத்த வீட்டுக்கு அது ரூபா 210. 61 முதல் 90 வரை ரூபா 400. 120 வரை ரூபா 1,000. 180 வரை ரூபா 1,500. அதற்கு மேலே ரூபா 2,100.

மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்து ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். வரியை ஒதுக்கிப் பார்த்தால், 60 அலகு எடுத்த வீட்டின் சிட்டை ரூபா 585. 61 அலகு எடுத்த வீட்டின் சிட்டை ரூபா 1,183.50. அந்த ஓர் அலகின் விலை ரூபா 598.50! குளியலறை விளக்கை அணைக்க மறந்த சில இரவுகள் ஒரு வீட்டை இந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடக்கூடும்.

ஆதலால், "நம் வீட்டில் ஓர் அலகு சராசரியாக என்ன விலை?" என்று கேட்பது பயனற்ற கேள்வி. "நாம் கடைசியாக எடுத்த அலகு என்ன விலை?" என்பதே கேட்க வேண்டியது. மின்தகடு தரும் அலகு, நம் சிட்டையின் உச்சிப் படியிலிருந்தே கழிக்கப்படும். உச்சிப்படி உயர்ந்த வீட்டுக்கு அத்தகடு பெருஞ் செல்வம். தாழ்ந்த வீட்டுக்கு அதே தகடு சிறு வருவாய்.

மூன்று வீடு, ஒரு தகடு

இதனை மூன்று வீடுகளைக் கொண்டு விளக்குவோம். மூன்றிலும் இரண்டு கிலோவாற்று வலுவுள்ள தகடுகளைப் பூட்டுவதாக வைத்துக்கொள்வோம். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாற்றுத் தகடு மாதமொன்றுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 அலகு தரும். மாரியையும் தூசியையும் கருதிக் குறைந்த அளவையே கொள்வோம். மாதம் 200 அலகு. செலவு ரூபா 450,000 என உதாரணத்துக்காக வைப்போம். அவரவர் பெறும் விலைமதிப்பை இவ்விடத்தில் இட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். நிலைக்கட்டணத்தையும் வரியையும் விட்டு அலகுகளின் விலையை மட்டும் பார்ப்போம்.

கூரை தந்த அலகுகளை வீடு எடுத்த அலகுகளிலிருந்து கழித்து, எஞ்சியதற்கு மட்டும் கட்டணம் பெற்று, மிகுதியானால் பணம் கொடுக்கும் முறைக்கு நெற் அக்கவுண்டிங் என்று பெயர். 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, ஐந்து கிலோவாற்றுக்கு மேற்படாத புதிய தகடுகளின் மிகுதி அலகுக்குக் கிடைப்பது ரூபா 20.90.

முதலாம் வீடு மாதம் 55 அலகு எடுப்பது. சில விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி. அலகுகளின் விலை ரூபா 335 மாத்திரமே. தகடு அந்த 335 ரூபாவை மிச்சப்படுத்தி, மிகுதி 145 அலகுக்கு ரூபா 3,030 ஈட்டும். ஆக மாதம் ஏறத்தாழ ரூபா 3,365. போட்ட முதல் திரும்பப் பதினோர் ஆண்டு செல்லும்.

இரண்டாம் வீடு நம் ஆசிரியருடையது. குளிர்சாதனப்பெட்டி, கிணற்று மோட்டர், சோறு சமைக்கும் மின் அடுப்பு ஆகியவற்றோடு மாதம் 110 அலகு. அலகுகளின் விலை ரூபா 1,800. அதை மிச்சப்படுத்தி, மிகுதி 90 அலகை விற்றால் ரூபா 1,881. ஆக மாதம் ரூபா 3,681. முதல் திரும்பப் பத்தாண்டுக்குச் சற்று மேற்படும்.

மூன்றாம் வீடு மாதம் 280 அலகு எடுப்பது. குளிரூட்டி, சலவை இயந்திரம், கணினிகள் எல்லாம் உண்டு. அலகுகளின் விலை ரூபா 10,600. 200 அலகு கழிந்தபின் எஞ்சும் 80 அலகுக்கு ரூபா 1,135. மிச்சம் மாதம் ரூபா 9,465. நான்கு ஆண்டில் முதல் திரும்பிவிடும்.

ஒரே சூரியன், ஒரே தகடு, ஒரே 200 அலகு. மூன்றாம் வீட்டிலே ஓர் அலகின் பெறுமதி 47 ரூபா. ஆசிரியர் வீட்டிலே 18 ரூபா. முதலாம் வீட்டிலே 17 ரூபாவிலும் குறைவு. அயல் வீட்டாரின் மகிழ்ச்சியும் நம் ஆசிரியரின் ஐயமும் இரண்டுமே நியாயமானவை என்பது இப்போது தெளிவாகும்.

முறையைத் தெரிவதிலும் அவதானம் வேண்டும். நெற் பிளஸ் எனும் முறையிலே கூரை தருவது முழுவதும் விற்கப்படும். வீட்டுச் சிட்டை பழையபடியே வரும். மூன்றாம் வீட்டார் அறியாமல் இம்முறையிற் சேர்ந்தால் 200 அலகுக்கு ரூபா 4,180 பெறுவர். மாதந்தோறும் ரூபா 5,285 கைநழுவும். நெற் மீற்றறிங் எனும் முறையிலோ மிகுதிக்குப் பணம் இல்லை. அலகுகள் அடுத்த மாதக் கணக்கில் வரவு வைக்கப்படும். கையொப்பம் இடுமுன் எந்த முறை என்று வாய்விட்டுக் கேட்பது நன்று.

கடனும் வைப்பும்

கையிலே பணமில்லாதவர் கடன் எடுத்துப் பூட்ட நினைப்பர். நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்று கொண்டால், ரூபா 450,000 கடனுக்கு முதலாம் மாத வட்டி மட்டும் ரூபா 4,500. முதலாம் வீட்டுத் தகடும் இரண்டாம் வீட்டுத் தகடும் தரும் வருவாய் அந்த வட்டிக்கே போதாது. சூரியன் நாள்தோறும் உழைத்தும் கடன் ஒரு சதமும் குறையாது. குடும்பத்தின் வேறு வருவாயிலிருந்தே அடைக்க நேரும். மூன்றாம் வீட்டுத் தகடோ வட்டியைக் கொடுத்து முதலையும் அடைத்து ஐந்தரை ஆண்டிற் கடனைத் தீர்த்துவிடும்.

நம் ஆசிரியரிடம் பணம் இருக்கின்றது, கடன் வேண்டாம். ஆயினும் அப்பணத்தை நூற்றுக்கு எட்டு வட்டி தரும் வைப்பில் இட்டால் மாதம் ரூபா 3,000 கிடைக்கும். முதல் அப்படியே இருக்கும். மகளுக்குத் தேவைப்படும் நாளில் எடுக்கலாம். தகடு மாதம் ரூபா 3,681 தரும். முதலை வேண்டிய நாளில் எடுக்க இயலாது. இருபது ஆண்டில் தகடு தருவது ரூபா 883,440. வைப்பு, வட்டியும் முதலுமாகத் தருவது ரூபா 1,170,000. இடையிலே இன்வேர்ட்டர் பழுதுற்றால் மாற்றும் செலவும் தகட்டின் பக்கமே சேரும்.

ஆகவே ஆசிரியருக்கு நாம் கூறுவது: இந்தப் பணம் மகளின் படிப்புக்கே இருக்கட்டும். கூரை எங்கும் போய்விடாது. சிட்டை உயர்ந்தால், அல்லது தகட்டின் விலை நன்கு இறங்கினால், அன்று இக்கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்கலாம்.

கூரைக்கு ஏறுமுன்

அவர் கை கட்டி இருக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. பழைய மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாற்று இழுக்கும். இக்காலப் புதுவகை விசிறி 35 வாற்றுடன் அதே காற்றைத் தரும். இரண்டு விசிறி நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் சுழலும் வீட்டிலே, அவற்றை மாற்றினால் மாதம் 19 அலகு மிஞ்சும். மற்றோர் அலகை இஸ்திரிக்கைப் பெட்டியிற் பிடிக்கலாம். 110 அலகு 90 ஆகும். அப்போது அலகு விலையில் ரூபா 480, நிலைக்கட்டணத்தில் ரூபா 600, ஆக ரூபா 1,080 மாதந்தோறும் மிச்சம். 450,000 ரூபாத் தகடு தரும் வருவாயில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே குறைவு. செலவோ இரண்டு விசிறியின் விலை.

மூன்றாம் வீட்டாருக்கும் இதுவே முதற் பாடம். நாளுக்கு ஐந்து மணி நேரம் எரியும் நான்கு 60 வாற்று இழைக் குமிழ்களை 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ்களாக மாற்றினால் 30 அலகு. நாளுக்குப் பத்து மணி நேரம் சுழலும் மூன்று விசிறிகளை மாற்றினால் 36 அலகு. ஒரு கிலோவாற்றுக் குளிரூட்டியை நாளுக்கு அரைமணி குறைத்தால் 15 அலகு. ஏறக்குறைய 80 அலகு குறையும். அவை யாவும் 61 ரூபாப் படியிலிருந்தே குறைவதால் மிச்சம் ரூபா 4,880. அதன்பின் 200 அலகு வீட்டுக்குத் தகடு பூட்டினால் அது மாதம் ரூபா 5,720 தரும். முதல் திரும்ப நான்கன்று, ஆறரை ஆண்டு செல்லும். வீண்செலவை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டால் தகடு அழகாகத் தோன்றும் என்பதை இதனால் அறியலாம். சிக்கனம் செய்த பின் எஞ்சும் கணக்கே உண்மைக் கணக்கு.

மாறுவனவும் மாறாதனவும்

இருபது ஆண்டுக் கணக்கை ஓராண்டுச் சிட்டையைக் கொண்டு போடுதல் ஆபத்து. 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது; 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறியது. 2024 மார்ச்சிலும் யூலையிலும், 2025 ஜனவரியிலும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இறங்கியது; 2025 யூனில் 15 வீதம் ஏறியது. 180க்கு மேற்பட்ட அலகின் விலை 2024 யூலையில் ரூபா 65, 2025 ஜனவரியில் ரூபா 52, யூனில் ரூபா 61.

கூரையிலிருந்து வாங்கும் விலையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் தொடங்கியபோது முதல் ஏழாண்டுக்கு ரூபா 22, பின்னர் ரூபா 15.50 என்றிருந்தது. 2022இல் புதியவர்க்கு ரூபா 37 ஆயிற்று. 2024 யூலையில் ரூபா 27. 2025இல் சிறு கூரைகளுக்கு ரூபா 20.90. முன்னே பூட்டிய அயலார் பெறும் விலை பின்னே பூட்டுபவர்க்குக் கிடையாது. ஒப்பந்தத் தாளிலுள்ள விலையே விலை.

இவ்விலை ஏன் இறங்கியது? சூரியன் தருவது நண்பகலில். நாடு மிகுதியாகக் கேட்பது மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை. பகலிலே மிகுதி, இரவிலே பற்றாக்குறை. 2025 ஏப்ரற் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தபோது, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு உரியவர்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

இன்னுமொன்று. தகடு இருந்தால் மின்தடை இல்லை என்று நம்புவோர் பலர். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்றினால் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் மின்னின்றி வைத்தது. வெயில் எரித்த அந்த வேளையிலும் பற்றரி இல்லாத கூரைகள் ஓய்ந்தே இருந்தன. வெளிக் கம்பியில் மின் நின்றதும் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிர்க் காவலுக்கே அவ்வாறு அமைத்திருக்கின்றனர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்ததை நினைந்து தகடு பூட்டுபவர், பற்றரியின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மாறாதன சிலவும் உண்டு. நம் நாடு பூமத்தியரேகைக்கு வடக்கே இருப்பதால் தெற்கு நோக்கிச் சரிந்த கூரையே நன்று. வடக்கே கார்த்திகை, மார்கழி மாதங்களில் மேகம் மூடும், விளைவு குறையும். பனையோலையின் நிழல் ஒரு தகட்டின்மேல் விழுந்தால் அதனோடு தொடுத்த மற்றத் தகடுகளின் விளைவும் தளரும். தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். ஓடும் மரமும் அவ்வளவு காலம் தாங்குமா என்று தச்சரை அழைத்துக் கேட்டல் வேண்டும்.

நாட்டின் கணக்கு

வீட்டுக் கணக்கு வேறு. நாட்டுக் கணக்கு வேறு. டி. ஜே. விமலசுரேந்திரா கனவு கண்ட லக்ஸபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. நீருக்கு விலை இல்லை; ஆயின் தேவை வளர்ந்தது. இன்று நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியும், மற்ற நிலையங்களில் எரியும் எண்ணெயும் கப்பலில் வருபவை. அந்நியச் செலாவணி இல்லாத 2022இல் நாம் பட்டது யாவரும் அறிந்ததே. கூரைகளில் விழும் வெயில் எவரிடமும் கடன்பட்டு வாங்கியதன்று. ஆதலால் வசதியுள்ள வீட்டார் தகடு பூட்டுதல் நாட்டுக்கு நன்மையே. பற்றரியோடு பூட்டி மாலையில் மின் தருவாராயின் இன்னும் நன்மை.

எனினும் ஒன்றைக் கருத வேண்டும். முதலாம் வீட்டார் ரூபா 4.50க்கு ஓர் அலகு பெறுவது, மூன்றாம் வீட்டார் ரூபா 61 கொடுப்பதனாலும் இயல்கின்றது. உயர்ந்த படியில் நின்றோர் ஒவ்வொருவராகக் கூரைக்கு மாறினால், கம்பியையும் தூணையும் பேணும் செலவு எவர் தலையில் இறங்கும்? வாடகை வீட்டிலும் தகரக் கொட்டிலிலும் வாழ்பவர்க்குத் தகடு பூட்டக் கூரையே சொந்தமில்லை. கட்டணம் வகுப்போர் இவ்வினாவை நெடுங்காலம் ஒத்திவைத்தல் இயலாது.

இன்று செய்யத்தக்கது

இன்று ஞாயிறு. குடும்பத்தார் கூடியிருந்து, கிடைக்கும் பன்னிரண்டு மாதச் சிட்டைகளையும் எடுத்து, மாதந்தோறும் சென்ற அலகுகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடைசி அலகு எந்தப் படியில் விழுந்தது என்று அப்போது நடைமுறையில் உள்ள அட்டவணையைப் பார்த்துக் குறியுங்கள். மாணவர்கள் ஒரு வாரம் மாலை ஆறு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் மானியை வாசித்து எழுதட்டும். பகற்செலவு எவ்வளவு, இரவுச்செலவு எவ்வளவு என்பது தெரியவரும்.

பெரும்பாலான மாதங்களிற் கடைசி அலகு மேலிரண்டு படிகளில் விழுமாயின், முதலிற் குமிழையும் விசிறியையும் மாற்றிவிட்டு, எஞ்சிய அலகுக்கு மூவரிடம் விலை கேளுங்கள். அதற்குக் கீழே விழுமாயின், பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு விசிறிக் கடைக்குச் செல்லுங்கள். 60ஐச் சற்றே கடக்கும் வீடாயின், அந்த இரண்டு மூன்று அலகைப் பிடித்து நிறுத்துவதைப் போல இலாபமான தொழில் வேறில்லை.